கதவைத் தாண்டாத ஊர்

ஹினெக் பன்றி அறுக்கிறவன். ப்ரெஸோவாவிலும் அதற்கு மேலே மலையோரமாக இருக்கும் ஊர்களிலும் முதல் பனி விழுந்துவிட்டால் போதும், அவனுக்குக் கூப்பாடு வந்துவிடும். விடிவதற்கு முன்னால் ரப்பர் பூட்ஸும் கத்திப் பெட்டியுமாகக் கிளம்புவான். சாயங்காலம் திரும்பும்போது மாடிப்படி முழுக்கப் பூண்டும் மார்ஜோரம் இலையும் வேகவைத்த ஈரலுமாக மணக்கும். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி. அந்தக் கையால்தான் அவன் ஒரு பொம்மை ரயில் ஊரின் கடுகளவு ஜன்னல்களுக்குச் சட்டம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

நான் எதிர் வீட்டுக்காரன், லோய்ஸா. எனக்கு ரயில்வே ஸ்டேஷனில் பெட்டிகளைக் கோக்கிற வேலை. நாளெல்லாம் இரும்பு, கிரீஸ், பனிக்கட்டி. அலுத்துப்போய் மாடியேறி வந்தால் எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இவன் நிற்பான்.

"லோய்ஸா, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போயேன். புதுசா சிக்னல் ஒண்ணு நட்டிருக்கேன்."

"சிக்னலைப் பாத்துப் பாத்துதாண்டா என் கண்ணே பூத்துப்போச்சு. ஆளை விடு."

"பச்சை எரியுதுடா. வந்து பாரு."

போகாமல் இருக்க முடியாது. போனால் குனிய வேண்டும். ஏனென்றால் அந்த அறையில் நாலு சுவரையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளம் போட்டு, கதவுக்குக் குறுக்கேயும் ஒரு பாலம் கட்டியிருந்தான். பாலத்துக்கு அடியில் தவழ்ந்து நுழைந்து நடுவில் எழுந்து நின்றால், இடுப்பு உயரத்தில் ஒரு ஊரே நம்மைச் சுற்றியிருக்கும். தேவாலயம், பீர் ஆலை, சாராயக்கடை, கடைக்கு வெளியே சாய்ந்து நிற்கிற ஒரு குடிகாரன், காய்ந்த பூங்கொத்துகளை வெட்டிச் செய்த காடு, பிளாஸ்டர் மலை, அதில் ஒரு குகை. எங்கள் ஊர் அல்ல, எந்த ஊரும் அல்ல. ஹினெகோவ் என்று தன் பேரையே வைத்திருந்தான். ரயில் குகைக்குள் போய், பாலத்தின் மேலே வந்து, ஸ்டேஷனில் நின்று, மறுபடி குகைக்குள் போகும். அதற்கு மேல் அது போவதற்கு இடம் கிடையாது.

அது ஹினெக்கின் மகள் இவெட்டாவின் அறை. அவள் கல்யாணமாகி ப்ர்னோவுக்குப் போன மாதமே முதல் பலகையை அடித்துவிட்டான்.

டிசம்பர் தொடக்கத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இவெட்டா திரும்பி வந்தாள். கையில் குழந்தை அமால்கா, பின்னால் இரண்டு பை. பைகளை நான்தான் மேலே தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டாஸா, ஹினெக்கின் பெண்சாதி, அடுப்பில் பூண்டு சூப் வைத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று ஹினெக் கேட்டான்.

"அப்பா, நான் அவனை விட்டுட்டு வந்துட்டேன்."

"சரி. எத்தனை நாளைக்குன்னுதானே கேட்டேன்."

ஸ்டாஸா திரும்பினாள். "என்னய்யா பேச்சு இது? அவ இருக்கிற வரைக்கும் இருப்பா. நாளைக்கே அந்த ரூமைக் காலி பண்ணு."

"நாளைக்கா? அதென்ன சோபாவா, இழுத்துப் போட?"

"அப்போ அடுத்த வாரம்."

"பண்ணிடலாம், பண்ணிடலாம். முதல்ல பிள்ளைக்குச் சூப் ஊத்து."

அடுத்த வாரம் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. இவெட்டாவும் குழந்தையும் பலகைக்கு அடியில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மேலிருந்து புல் என்று அவன் தூவியிருந்த பச்சை மரத்தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். குழந்தைக்கு இருமல் விடவில்லை. தவழ ஆரம்பித்திருந்த வயசு. தலைக்கு மேலே தொங்கும் ஒயர்களைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிவிட்டது. ஒவ்வொரு தடவை அது எழுந்து நிற்கும்போதும் ஹினெகோவில் விளக்கு அணைந்துபோகும்.

"இவ பிடிச்சு இழுத்தது எந்த ஒயர்னு தெரியலயே," என்று ஹினெக் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு புலம்புவான். "ரெண்டு நாளா தேடுறேன், சாராயக்கடையில லைட் எரியமாட்டேங்குது."

"பிள்ளை முதுகெல்லாம் பச்சையா இருக்குப்பா," என்பாள் இவெட்டா.

கிறிஸ்துமஸ் மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சாலட்டும் முடிந்த கையோடு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பலகை முழுவதையும் கூரைக்குத் தூக்கிவிட்டால் அடியில் அறை கிடைத்துவிடும். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். பன்றியைத் தொங்கவிடுகிற சங்கிலிக் கப்பி நாலு அவனிடம் இருந்தது. என்னைக் கூப்பிட்டான்.

"இது ஆகுமாடா?" என்றேன்.

"நூத்தி அம்பது கிலோ பன்னியையே தூக்குதுடா. இந்த ஊர் அவ்வளவெல்லாம் இருக்காது."

"பன்னி ஒரு இடத்துல தொங்கும். இது நாலு மூலையில தொங்கணும்."

"நீ பெட்டி கோக்கிறவன். கப்பியப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

கூரை முழுக்க கான்கிரீட். ஒரு துளை போடுவதற்குள் இரண்டு துரப்பண ஊசி மழுங்கியது. மேல் வீட்டு ஆசிரியர் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டிக் கத்தினார். ஹினெக்கும் பதிலுக்குக் குழாயைத் தட்டினான். மூன்று நாள் இப்படி. கடைசியில் நாலு கொக்கியும் மாட்டி, ஒரு மூலையில் அவன், ஒரு மூலையில் நான், மற்ற இரண்டில் இவெட்டாவும் ஸ்டாஸாவும். குழந்தை சமையலறையில் நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டு அழுதுகொண்டிருந்தது.

"மெதுவா, எல்லாரும் சேந்து... ஏய் இவெட்டா, நீ முந்திப் போறே!"

"நான் இழுக்கவே இல்லப்பா!"

தோள் உயரம்வரை சரியாகத்தான் வந்தது. அப்புறம் என் மூலையில் கொக்கி கான்கிரீட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஹினெகோவ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதலில் ரயில் வழுக்கியது, பிறகு தேவாலயம், பிறகு மரங்கள். கடைசியாகப் பிளாஸ்டர் மலையின் ஒரு துண்டு உடைந்து, அமால்காவின் தலையணை கிடந்த இடத்தில் போய் விழுந்தது.

குழந்தையின் அழுகை மட்டும் சமையலறையிலிருந்து கேட்டது.

ஹினெக் தலையணையைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தானோ என்னவோ. குனிந்து தேவாலயக் கோபுரத்தை எடுத்தான்.

"உடையல," என்றான்.

ஸ்டாஸா சங்கிலியை விட்டாள். அவள் சத்தம் போடுகிற பெண் அல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மாவு உருண்டை வேகவைக்கிறவள், அங்கேயே ஒரு அதட்டல் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் கத்தினாள்.

"உன் ஊர்ல குடிகாரனுக்குக்கூட சாஞ்சு நிக்க ஒரு சுவரு இருக்கு. என் பொண்ணுக்குப் படுக்க இடமில்ல."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"வெளிய எடு."

"எப்படி எடுக்கிறது? ரூமுக்குள்ளயே வச்சுக் கட்டினது. கதவு வழியா வராது."

"அப்போ நான் பேசிக்கிறேன் எவ்ஜென்கிட்ட."

அந்தப் பேரைக் கேட்டதும் ஹினெக்கின் கழுத்து சிவந்தது.

எவ்ஜென் மருந்துக்கடைக்காரர். பழைய தீயணைப்புக் கொட்டகையில் பொம்மை ரயில் சங்கம் நடத்துகிறவர். அவர்கள் ஆளுக்கொரு துண்டு பலகை செய்வார்கள். ஒருவனிடம் பாலம், ஒருத்தியிடம் வயல், இன்னொருவனிடம் ஸ்டேஷன். பலகையின் உயரமும் ஓரத்தில் தண்டவாளம் வந்து முடிகிற இடமும் எல்லோருக்கும் ஒரே அளவு. வருஷத்துக்கு இரண்டு தடவை எங்காவது மண்டபம் பிடித்து எல்லாத் துண்டுகளையும் கோத்துவிட்டால், ரயில் ஒருத்தர் ஊரிலிருந்து இன்னொருத்தர் ஊருக்குப் போகும். ஹினெக்கும் முன்னொரு காலத்தில் அந்தச் சங்கத்தில் இருந்தவன்தான். அவனுடைய வளைவு ரொம்ப இறுக்கம், நீளப் பெட்டி திரும்பாது என்று எவ்ஜென் எல்லோர் முன்னாலும் சொன்னதில் கோபித்துக்கொண்டு வந்தவன், வீட்டிலேயே தனி உலகம் கட்டிக்கொண்டான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எவ்ஜென் வந்தார். அதற்குள் ஹினெக் பலகையைப் பழையபடி கீழே இறக்கி, விழுந்ததையெல்லாம் ஒட்டிவைத்திருந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பாலத்துக்கு அடியில் சிரமப்பட்டுத் தவழ்ந்து உள்ளே போய், எழுந்து சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு ஹினெக்," என்றார்.

"உங்க சர்ட்டிபிகேட்டு வேணாம். எடுத்துக்கிறீங்களா, இல்லையா?"

"முழுசா எடுக்க முடியாது. நாலஞ்சு துண்டா அறுக்கணும். ஸ்டேஷன் நேரா இருக்கு, அது எங்களுக்கு ஆகும். மலை, குகை, இந்த வளைவெல்லாம்..."

"சொல்லுங்க."

"இறுக்கமா இருக்கேப்பா. நான் அப்பவே..."

"அப்பவே சொன்னீங்க! பாத்தியா ஸ்டாஸா, இதுக்குத்தான் இந்தாளை வரச் சொன்னியா? இத்தனை வருசம் கழிச்சு என் வீட்டுக்கு வந்து என் வளைவைக் குத்தம் சொல்றாரு!"

"குத்தம் இல்ல ஹினெக், அளவு அப்படி..."

"அளவு! ஒருத்தரும் என் ஸ்டேஷனை அறுக்க வேணாம். கிளம்புங்க."

எவ்ஜென் மறுபடி தவழ்ந்து வெளியே போனார். ஐம்பது வயது தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பொம்மைப் பாலத்துக்கு மேலேயும் கீழேயுமாக முறைத்துக்கொண்டதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டாஸாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஹினெக் மலைக்கு மேலே ஒரு வீட்டில் பன்றி அறுக்கப் போயிருந்தான். மத்தியானம் எதிர் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கறக் கறக் என்று, நின்று நின்று. போய்ப் பார்த்தால் ஸ்டாஸா சமையல் ஏப்ரனோடு அறை நடுவில் நின்று, மரம் அறுக்கிற ரம்பத்தால் ஹினெகோவை அறுத்துக்கொண்டிருந்தாள். பீர் ஆலைக்குப் பக்கத்தில் ஆரம்பித்துக் கோணலாக வந்து, தண்டவாளத்தில் பல் சிக்கி நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. கன்னம் முழுக்கப் பச்சைத் தூள்.

"ஸ்டாஸா, அவன் வந்தா என்ன சொல்லுவே?"

"நீ அந்தப் பக்கம் பிடி."

"நான் பிடிக்கமாட்டேன்."

"அப்போ தள்ளி நில்லு."

அப்போதுதான் கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படியேறும் பூட்ஸ் சத்தம். இவெட்டா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல, ஹினெக் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு வாளி ரத்தச் சூப், வழக்கமாக அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் பங்கு. வாளியைக் கீழே வைத்தான். ரம்பத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன், அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரிந்திருந்தும்.

பாலத்துக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். மாட்டிக்கொண்ட ரம்பத்தை மெதுவாக ஆட்டி எடுத்தான்.

"எலும்புலயா அறுப்பாங்க?" என்றான். "மூட்டு எங்க இருக்குன்னு பாக்கவேணாமா? தண்டவாளம் சேர்ற இடம் இது. இங்க அறுத்தா தானா விலகும்."

"எனக்கு எப்படித் தெரியும்? என்னைத்தான் நீ இதைத் தொடவே விட்டதில்லயே."

கத்திப் பெட்டியிலிருந்து மெல்லிய எலும்பு ரம்பத்தை எடுத்தான். சாயங்காலம்வரை அறுத்தான். மூட்டு மூட்டாக, ஒரு பன்றியைப் பிரிக்கிற மாதிரியே, கோணல் இல்லாமல், சிந்தாமல். நானும் ஸ்டாஸாவும் துண்டுகளைப் பிடித்துக்கொண்டோம். ஸ்டேஷன், பக்கத்து பீர் ஆலையோடு சேர்த்து, இரண்டு துண்டாக எவ்ஜெனின் கொட்டகைக்குப் போனது. மலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வளைவுகளையும்தான். அவற்றை அவனே கீழே குப்பைத் தொட்டி வரை தூக்கிக்கொண்டு போனான். பனி விழுந்து, மறுநாள் காலையில் அது நிஜ மலை மாதிரியே இருந்தது. லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

இவெட்டாவுக்கு அறை கிடைத்தது. சுவருக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். அமால்கா வெறுந்தரையில் இங்குமங்கும் தவழ்ந்தது. இருமல் நின்றது. மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, இவெட்டாவுக்கு ஒலொமோட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்தது. கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டில் இடமும் தந்தாள்.

"நல்ல வேலைதாம்மா. பக்கத்துலயே பிள்ளைகளைப் பாத்துக்கிற இடமும் இருக்கு," என்றாள் இவெட்டா. அப்பனைப் பார்க்காமல் சொன்னாள்.

ஹினெக் பைகளைக் கீழே கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பேத்தியின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டான். மேலே வந்து காலி அறையின் வாசலில் பழக்கதோஷத்தில் குனிந்து நுழைந்தான். இல்லாத பாலத்துக்குக் குனிந்ததை நானும் பார்த்தேன், ஸ்டாஸாவும் பார்த்தாள். அவன் நிமிர்ந்து, மஞ்சள் சுவரைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டாஸாவோடு பேசவில்லை. உப்பு வேண்டுமானால் உப்பைக் கை நீட்டி எடுப்பான். ஸ்டாஸா என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே அழுதாள்.

"அவ போவான்னு எனக்குத் தெரியுமா லோய்ஸா? தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் பொறுத்திருக்கமாட்டேனா? பொறுத்திருக்கமாட்டேன்தான். பிள்ளை தலையில கல்லு விழுந்திருக்கும். ஆனாலும் அவன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"திட்டினாலாவது பரவாயில்ல," என்றேன்.

"ஆமா. திட்டவும் மாட்டேங்கிறான்."

பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா வாரத்துச் சனிக்கிழமை எவ்ஜெனின் கூட்டம் உடற்பயிற்சி மண்டபத்தைப் பிடித்திருந்தது. ஹினெக்குக்கும் அழைப்பு வந்தது. அவன் அதைப் படித்துவிட்டு, தீயணைப்பு நிலைய முற்றத்தில் திருவிழாவுக்குப் பன்றி அறுக்க ஒத்துக்கொண்டுவிட்டதாக என்னிடம் சொன்னான், ஸ்டாஸாவின் காதில் விழும்படி.

"அப்போ நான் போறேன்," என்றாள் ஸ்டாஸா, அவளும் என்னிடமே. "ஸ்டேஷனுக்கு ஆள் வேணுமில்ல."

துணைக்கு நானும் போனேன். மண்டபத்தில் ஈரக் கோட்டுகளும் ரப்பர் மணமும். ஷும்பெர்க்கிலிருந்து, ஒலொமோட்ஸிலிருந்து, எல்லைக்கு அப்பால் போலந்திலிருந்துகூட வந்திருந்தார்கள். பலகைகள் கூடைப்பந்துக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மூலைக்கு மூலை போயின. ஹினெகோவ் ஒரு கோடியில் நின்றது. அவன் பலகைகள் தாழ்வு, அடியில் கட்டைகள் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். ஒரு பக்கம்தான் மற்றவர்களோடு சேர்ந்தது. மறுபக்கம் அறுத்த இடத்தோடு நின்றது. ஆக, அது கடைசி ஸ்டேஷன்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு தொலைபேசி. பக்கத்து ஊர்க்காரர் ரயில் அனுப்பும் முன் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், நாம் சரி என்றால்தான் அனுப்புவார். எங்களுக்குப் பக்கத்து ஊர் ஹெட்விகா என்கிற பெண்மணி, கழுத்தில் விசில், மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் ரயிலை அனுப்பினாள். இரண்டு பலகையும் சேர்கிற இடத்தில் எஞ்சின் துள்ளிச் சாய்ந்தது. எடுத்து வைத்தோம். அடுத்ததும் சாய்ந்தது. மூன்றாவதில் பெட்டிகள் சேர்ந்து கவிழ்ந்தன.

"அம்மா, என் பின்னால நாலு வண்டி நிக்குது," என்றாள் ஹெட்விகா. "அட்டவணை பூரா குழம்பிப்போச்சு."

"நான் என்ன செய்யட்டும்? நான் சமையல்காரி!"

அந்தப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். எவ்ஜென் வேகமாக வந்தார்.

"ஸ்டாஸா, இன்னைக்கு இதை மூடிடலாம். வண்டியெல்லாம் ஹெட்விகாகிட்டேயே திரும்பட்டும்."

"மூடக்கூடாது."

"எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்கம்மா."

"நிக்கட்டும். என் கையால அறுத்துக் குடுத்திருக்கேன். மூடுறதுக்கா குடுத்தேன்?"

நான் வெளியே போய் ஹினெக்குக்குப் போன் போட்டேன்.

"என்னடா? குடல்ல கை வச்சுக்கிட்டிருக்கேன்."

"உன் ஸ்டேஷனை மூடப்போறாங்க."

"மூடட்டும்."

"ஸ்டாஸா மூடவிடமாட்டேன்னு எவ்ஜென்கூடச் சண்டை போட்டுக்கிட்டிருக்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"யாரு சிரிச்சா?" என்றான். போன் அறுந்தது.

பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை மடித்த சட்டை, முன்னால் கறைபட்ட ஏப்ரன். யாரையும் பார்க்காமல் நேரே கோடிக்கு நடந்தான். பலகை மட்டத்துக்குக் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தைப் பார்த்தான்.

"இந்தக் கட்டையை எவன் வச்சது? ஒரு பக்கம் இறங்கியிருக்கு."

"நான்தான்," என்றார் எவ்ஜென்.

ஹினெக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு அட்டை குடுங்க," என்றான். எவ்ஜென் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். ஹினெக் முழங்கால் போட்டுக் கட்டைக்கு அடியில் அதைச் சொருகினான். எழுந்து, ஒரு பெட்டியைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தான். இடறியது. சின்ன அரத்தை வாங்கி ராவினான். மறுபடி தள்ளினான். இன்னும் கொஞ்சம் ராவினான். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. பெட்டி ஒரு சின்ன டிக் சத்தத்தோடு தாண்டிப் போனது.

தொலைபேசி அடித்தது. ஸ்டாஸா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என் கை பூரா கொழுப்பு," என்றான் அவன். அவளிடம் பேசி இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. "நீ எடு."

"என்ன சொல்லணும்?"

"ஊர் பேரைச் சொல்லு."

அவள் எடுத்தாள். "ஹினெகோவ்," என்றாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, வாயைக் கையால் பொத்தி, "நிலக்கரி வண்டியாம். பீர் ஆலைக்கு. வரலாமான்னு கேக்குறா."

"நிலக்கரியா? நான் யாருகிட்டக் கேட்டேன் நிலக்கரி?"

"வரலாமா, வேணாமா?"

"வரச்சொல்லு."

ஹெட்விகா விசில் ஊதினாள். அவளுடைய பீட்ரூட் வயலைத் தாண்டி ஒரு கறுப்பு எஞ்சின் வந்தது, பின்னால் ஐந்து பெட்டி. அதுநாள்வரை ஹினெகோவுக்கு ஹினெக் அனுப்பாத ரயில் ஒன்றும் வந்ததில்லை. சேர்கிற இடத்தில் டிக், டிக் என்று ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டியது. கடைசிப் பெட்டி மட்டும் ஒரு பக்கமாக ஆடியது. ஹினெக்கின் கை தானாக நீண்டது. பெட்டி விழவில்லை. ரயில் அவன் மேடையில் போய் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் அவரவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்ஜென் அடுத்த தகராறைத் தீர்க்க எதிர் மூலைக்குப் போய்விட்டார்.

"அந்தக் கடைசிப் பெட்டி சக்கரம் சரியில்ல," என்றான் ஹினெக். "அவகிட்டச் சொல்லு. அடுத்தது எப்பன்னும் கேளு."

ஸ்டாஸா தொலைபேசியை அவன் பக்கமாக நீட்டினாள். "நீயே கேளு. எனக்குக் கால் வலிக்குது."

அவன் கையை ஏப்ரனில் துடைத்தான். பார்த்தான். இன்னொரு தடவை துடைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.